கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கசிந்த கணக்கை வைத்து 'இன்கம்டாக்ஸ்' என்று மிரட்டுகிறார்கள், என்ன செய்வது?

நொய்யல்கரை | 8 பிப்ரவரி 2026, இரவு 10:47

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2021 ஜனவரியில் ஒரு இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (பெயர் வேண்டாம்) கணக்குத் தொடங்கி 2,25,000 ரூபாய்க்கு 3 எத்தீரியம் காயின் வாங்கினேன். 2022 ஆகஸ்டில் அதை 4,05,000-க்கு விற்று, கையில் இருந்த ஒன்றரை லட்சத்தையும் சேர்த்து சொலானா என்ற இன்னொரு காயினில் போட்டேன். நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது சொலானாவும் கூடவே விழுந்தது. 9-ஆம் தேதி இரவு பயத்தில் மொத்தத்தையும் 3,25,000-க்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். அதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை. கூட்டிக் கழித்தால் 50 ஆயிரம் நஷ்டம்தானே, இதில் காட்ட என்ன இருக்கிறது என்று ரிட்டர்னில் எதுவும் காட்டவில்லை. வழக்கம்போல் சம்பளத்துக்கு மட்டும் ஐடிஆர்-1 போட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த எக்ஸ்சேஞ்சிடமிருந்து ஒரு மெயில். சில வாடிக்கையாளர்களின் விவரங்களை வெளியாட்கள் பார்த்திருக்கக் கூடும், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று நான்கே வரி. எனக்கு அங்கே பணமே இல்லையே என்று மூடி வைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்காரும்போது போன் வந்தது. நல்ல தமிழில், அதட்டாமல், நிதானமாகப் பேசினார். வருமான வரித் துறை என்றார். என் பான் எண்ணை முழுதாகச் சொன்னார். பிறகு "2022 நவம்பர் 9, இரவு 11 மணி 20 நிமிடம், சொலானா விற்பனை" என்று ஆரம்பித்துத் தொகையைப் பைசா வரை வாசித்தார். அன்று இரவு நான் விற்றது என் மனைவிக்கே இன்றுவரை தெரியாது, பக்கத்து அறையில் விளக்கு போடாமல் உட்கார்ந்து செய்தது. தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது. மாலையில் வாட்ஸ்அப்பில் அரசு முத்திரை போட்ட ஒரு பிடிஎஃப் நோட்டீஸ் வந்தது. மறுநாள் திரும்பவும் போன்: 35 ஆயிரம் அனுப்பினால் ஃபைலை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் கம்பெனிக்கே கடிதம் போகும் என்கிறார்.

இது மோசடி என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் அவர் சொன்ன கணக்கு உண்மை, நான் காட்டாததும் உண்மை. அந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்குகிறது. நஷ்டத்துக்கும் வரி உண்டா? இப்போது நானாகப் போய்ச் சொன்னால் மாட்டிக்கொள்வேனா?

வைகை ஆடிட்டர் | 8 பிப்ரவரி, இரவு 11:31

தம்பி, முதலில் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் மாதாமாதம் வருவார்கள்.

அந்த நோட்டீஸில் டின் என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள், ஆவண அடையாள எண். 2019 அக்டோபர் 1-இலிருந்து துறை அனுப்பும் கடிதம் எதுவானாலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி. வருமான வரித் தளத்தின் முகப்பிலேயே நோட்டீஸின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க ஒரு வசதி உண்டு, லாகின்கூடத் தேவையில்லை. எண்ணைப் போட்டால் அது துறை வெளியிட்டதா இல்லையா என்று சொல்லிவிடும். நிஜ நோட்டீஸ் என்றால் உங்கள் லாகினில் இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியிலும் வந்திருக்கும். அங்கே இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் வந்தது நோட்டீஸே இல்லை. துறை யாரிடமும் யூபிஐ எண் கொடுத்துப் பணம் கேட்காது.

அடுத்து, இன்றிரவே லாகின் செய்து 2022-23 நிதியாண்டின் ஏஐஎஸ் (உங்களைப் பற்றித் துறையிடம் உள்ள தகவல் பட்டியல்), 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் கட்டிய வரிப் பட்டியல்) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். 194எஸ் என்ற பிரிவில் எக்ஸ்சேஞ்ச் பிடித்த டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரி, இருக்கும். 2022 ஜூலை 1-இலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுகிறார்கள். உங்கள் இரண்டு விற்பனையும் அதற்குப் பிறகு நடந்தவை. ஏறக்குறைய 7,300 ரூபாய் இருக்க வேண்டும்.

இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் எதை வைத்து மிரட்டுகிறாரோ அது மூன்று வருடமாகத் துறையின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. தெரியாதது போல உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

குறிஞ்சி78 | 9 பிப்ரவரி, காலை 7:05

மேடம் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் மாற்றுக் கருத்து. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று சொல்வார்கள். தொகை சின்னது, மொத்தத்தில் நஷ்டம், மூன்று வருடம் எந்தக் கேள்வியும் வரவில்லை. போனை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நாமே போய்த் திறந்தால் பிறகு ஒவ்வொரு வருடமும் தோண்டுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. என் அண்ணன் ஒரு சின்னத் திருத்தம் போடப் போய் இரண்டு வருடம் அலைந்தார்.

வைகை ஆடிட்டர் | 9 பிப்ரவரி, காலை 9:48

குறிஞ்சி சார், உங்கள் பயம் நியாயமானது, உங்கள் அண்ணன் அலைந்ததையும் நம்புகிறேன். ஆனால் "மொத்தத்தில் நஷ்டம்" என்ற இடத்தில் தவறு இருக்கிறது.

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற கிரிப்டோவுக்கு 115பிபிஹெச் பிரிவு. லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. பங்குச் சந்தை பழக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இது நியாயமான சட்டமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் இப்போது சட்டம் அதுதான்.

தம்பியின் கணக்குப்படி எத்தீரியத்தில் லாபம் 1,80,000. அதற்கு வரி 54,000, செஸ் 2,160, ஆக 56,160. பிடித்த டிடிஎஸ் 7,300 போனால் 48,860. சொலானா நஷ்டம் 2,30,000 எந்தக் கணக்கிலும் வராது. முன்கூட்டி வரி கட்டாததற்கான 234பி வட்டி 2023 ஏப்ரலிலிருந்து இந்த மாதம் வரை 35 மாதம், அது 17,080. ஐடிஆர்-யூ என்கிற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் கூடுதல் வரி, 32,970. எல்லாம் சேர்த்து 98,910. முன்கூட்டி வரியின் தவணை தவறியதற்கான 234சி வட்டி கொஞ்சம் இதன்மேல் வரும்.

இந்த மார்ச் 31 தாண்டினால் அதே ஆண்டுக்குக் கூடுதல் வரி 60 சதவீதம் ஆகிவிடும், ஏழாயிரம் போல ஏறும். அதற்கும் அடுத்த வருடம் 70. போன வருடம்தான் ஐடிஆர்-யூ கெடுவை 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டினார்கள், அதனால்தான் இந்த வழியே இருக்கிறது. இப்போதைய விதிப்படி அந்த ஆண்டுக்கு மறுமதிப்பீடு தொடங்கிவிட்டால் இந்த வழியும் அடைபடும். அதன்பிறகு 270ஏ அபராதம், குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம், தவறாகக் காட்டியதற்கு 200 சதவீதம். 56,160-இல் 200 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 2025 ஜூனில் கிரிப்டோ வருமானம் காட்டாதவர்களுக்கு வருமான வரித் துறையே நினைவூட்டல் மெயில் அனுப்பியது, ஐடிஆர்-யூ போடச் சொல்லித்தான். தம்பிக்கு வந்திருந்தால் ஸ்பேம் பெட்டியில்கூடக் கிடக்கும்.

இன்னொன்று, ஐடிஆர்-1-இல் கிரிப்டோ வருமானம் காட்ட இடமே கிடையாது. ஐடிஆர்-2, அதில் கிரிப்டோவுக்கான ஷெட்யூல் விடிஏ பட்டியல், ஒவ்வொரு விற்பனையும் தனித்தனி வரி.

சோழிங்கநல்லூர்க்காரன் | 9 பிப்ரவரி, மதியம் 1:20

வரிப் பக்கத்தை மேடம் பார்த்துக்கொள்கிறார், நான் கசிவுப் பக்கத்தைச் சொல்கிறேன். எட்டு வருடமாகத் தகவல் பாதுகாப்பில்தான் வேலை.

"பணம் பத்திரம்" என்று எக்ஸ்சேஞ்சுகள் எழுதுகிற அந்த வரியைப் படித்தாலே எனக்குக் கோபம் வரும். பணம் போனால் தொகை போகும், விவரம் போனால் அதைத் திரும்ப வாங்கவே முடியாது. பாஸ்வேர்டை மாற்றலாம். பான் எண், பிறந்த தேதி, அப்பா பெயர், ஆதார் படம், கையில் காகிதம் பிடித்து எடுத்த செல்ஃபி, இதையெல்லாம் எப்படி மாற்றுவது?

இது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 2021 ஜனவரியில் பையூகாயின் என்ற எக்ஸ்சேஞ்சின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரம் வெளியே வந்தது. ஷைனிஹன்டர்ஸ் என்ற கும்பல் வெளியிட்டது. போன் எண், மெயில், வங்கிக் கணக்கு, பான் எல்லாம் அதில் இருந்தன. நிறுவனம் முதலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது.

காயின்பேஸ் என்ற அமெரிக்க எக்ஸ்சேஞ்சின் விவகாரம் இன்னும் பெரிய பாடம். 2025 மே மாதம் அவர்களே வெளியில் சொன்னார்கள், 69,461 வாடிக்கையாளர்கள். யாரும் சர்வரை உடைத்து நுழையவில்லை. வெளிநாட்டில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்குக் காசு கொடுத்து விவரத்தை வாங்கியிருக்கிறார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டைப் படம், கணக்கில் இருந்த இருப்பு, பரிவர்த்தனை வரலாறு. 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள், நிறுவனம் கொடுக்க மறுத்து அதே தொகையைத் துப்பு கொடுப்பவர்களுக்குப் பரிசாக அறிவித்தது. டிசம்பரில் ஹைதராபாத் போலீஸ் அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவரைக் கைது செய்தது. கசிவு தொடங்கியது 2024 டிசம்பரில், தெரிந்தது 2025 மே மாதத்தில். அந்த ஐந்து மாதமும் வாடிக்கையாளர்களுக்கு நம்பும்படியான போன்கள் போய்க்கொண்டிருந்தன.

நொய்யல்கரை அண்ணா, உங்களுக்கு வந்த போனில் பைசா வரை தொகை சொன்னார்கள் என்றால் பரிவர்த்தனை வரலாறும் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து எப்போதாவது சொந்த வாலட்டுக்கு (காயினை நாமே வைத்துக்கொள்ளும் கணக்கு) காயின் அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருந்தால் அந்த முகவரி இனி உங்கள் பெயரோடு சேர்ந்தது. பிளாக்செயின் என்கிற பொதுப் பதிவேட்டில் எல்லாமே திறந்த புத்தகம். அந்த ஒரு முகவரியைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னும் பின்னும் போன எல்லாவற்றையும் இன்று மட்டுமல்ல, இன்னும் பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம்.

அடுத்து வரப்போகிற போனையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புப் பிரிவு என்பார்கள், உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது என்பார்கள், இந்தப் புது வாலட்டுக்கு மாற்றுங்கள் என்று, அதைத் திறக்கும் சாவியான 12 சொற்களையும் அவர்களே கொடுப்பார்கள். அவர்கள் கொடுத்த சொற்களில் திறந்த வாலட் அவர்களுடையது. இன்னொரு வகை, "உங்கள் கிரிப்டோ டிடிஎஸ் ரீஃபண்ட் தயார்" என்று லிங்க் வரும். இப்படிப்பட்ட ரீஃபண்டுக்கு எந்த லிங்கையும் தொடவே வேண்டாம்.

எடிசன் தமிழ் | 9 பிப்ரவரி, இரவு 8:15

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் போன வருடம் கசிவுக் கடிதம் வந்தது, எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இரண்டு விஷயம்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் முகவரியும் ஒருவர் கையில் இருந்தால் உங்கள் பெயரில் அவரே ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கப் பார்ப்பார். அதைத் தடுக்க ஐஆர்எஸ் (இங்குள்ள வரித் துறை) ஒவ்வொரு வருடமும் 6 இலக்க ஐபி பின் கொடுக்கிறது, கேட்கிற யாருக்கும் இலவசம். அது இல்லாமல் உங்கள் எண்ணில் ஆன்லைன் ரிட்டர்ன் ஏறாது. மூன்று கிரெடிட் பீரோவிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதுவும் இலவசம். நான் இரண்டையும் ஒரே மாலையில் செய்து முடித்தேன், மனைவிக்கும் சேர்த்து.

2025 பரிவர்த்தனைகளிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் 1099-டிஏ படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கே அனுப்புகின்றன. அதில் இந்த முறை விற்ற தொகை இருக்கும், வாங்கிய விலை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கிய விலைக்கு ஆதாரம் நம்மிடம் இல்லாவிட்டால் முழுத் தொகையும் லாபம் போலத் தெரியும். அதனால் பழைய கணக்கை மூடுவதற்கு முன் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கசிந்த கோபத்தில் நான் முதல் நாளே கணக்கை மூடிவிட்டேன். 2019, 2020 கொள்முதல் விவரத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் மன்றாட வேண்டியதாயிற்று.

வைகை ஆடிட்டர் | 9 பிப்ரவரி, இரவு 9:02

எடிசன் சார் கடைசியில் சொன்னது இந்தியாவுக்கும் அப்படியே பொருந்தும். கணக்கை மூடினாலும் நீங்கள் கொடுத்த கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) அழியப்போவதில்லை, பணமோசடித் தடுப்புச் சட்டப்படி 5 வருடம் அவர்கள் வைத்திருந்தே ஆக வேண்டும். மூடுவதால் ஆதாரத்தை இழப்பது நீங்கள்தான். முதலில் ஸ்டேட்மென்ட், பிறகு மற்றது.

தாமிரபரணி | 10 பிப்ரவரி, மாலை 5:40

இழையைப் படித்துவிட்டு நானும் ஏஐஎஸ் திறந்து பார்த்தேன். கை நடுங்குகிறது. நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. 2021-இல் ஒரு எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி மட்டும் கொடுத்தேன், 500 ரூபாய்க்கு ஏதோ வாங்கினேன், மறந்தும் போனேன். இப்போது 2024-25 ஏஐஎஸ்ஸில் 194எஸ் என்று ஏழு வரி இருக்கிறது. நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர், ஒவ்வொன்றிலும் லட்சத்துக்கு மேல் விற்பனை, மொத்தம் 11 லட்சத்துச் சொச்சம். என் சம்பளம் எல்லாம் அந்தப் பக்கத்தின் மேல் பகுதியில் சரியாக இருக்கிறது, அதற்குக் கீழே இது. நான் செய்யவில்லை. சத்தியமாக நான் செய்யவில்லை. ஜூலையில் ரிட்டர்ன் போட்ட பிரவுசிங் சென்டர் தம்பி, "அக்கா இதெல்லாம் ஃபார்ம்-16-இல் இல்லை, விடுங்கள்" என்று ஏதோ சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வைகை ஆடிட்டர் | 10 பிப்ரவரி, மாலை 6:11

அம்மா, பதறாதீர்கள். உங்கள் பானையும் ஆதாரையும் வைத்து வேறு யாரோ இன்னொரு எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறந்திருக்கலாம். கேஒய்சி கசிவில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். மிரட்டல் போனாவது காதில் கேட்கும், இது சத்தமே இல்லாமல் நடக்கும்.

அந்த ஏழு வரியிலும் ஒவ்வொன்றாக 'ஃபீட்பேக்' பொத்தானை அழுத்துங்கள். 'இன்ஃபர்மேஷன் இஸ் டினைட்' என்று ஒரு தேர்வு இருக்கும், தகவலை மறுக்கிறேன் என்று பொருள். அதைத் தேர்ந்தெடுங்கள். 'வேறு பான் எண்ணுக்கு உரியது' என்ற தேர்வும் இருக்கிறது, அதைப் போட வேண்டாம், யாருடைய பான் என்று நமக்குத் தெரியாதே. மறுத்ததும் அந்தத் தகவலைக் கொடுத்த நிறுவனத்துக்கு உறுதிப்படுத்தச் சொல்லிப் போகலாம். பதிவுசெய்த ரசீதை இறக்கி வையுங்கள். அந்த டிடிஎஸ் தொகையை ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்டிருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள். சென்டர் தம்பி 26ஏஎஸ்ஸில் இருப்பதை எல்லாம் அப்படியே இழுத்திருந்தால், உங்களுடையது அல்ல என்று சொல்லிக்கொண்டே அதன் பணத்தை வாங்கியது போல் ஆகிவிடும்.

பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு. அந்த நிறுவனத்துக்கு மெயில்: இந்தக் கணக்கு என்னுடையது அல்ல, முடக்குங்கள், எந்த போன் எண், எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டது என்று எழுத்தில் கொடுங்கள்.

சோழிங்கநல்லூர்க்காரன் | 10 பிப்ரவரி, மாலை 6:50

அக்கா, மேடம் சொன்னதோடு இதையும் இன்றே செய்யுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே மறுக்கலாம். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சிபில் அறிக்கையை எடுத்து உங்களுக்குத் தெரியாத கடன் இருக்கிறதா பாருங்கள். இனி யார் ஆதார் கேட்டாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரையே கொடுங்கள், ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

புகார் எண் வாங்கி வைப்பது முக்கியம். அந்தக் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் போயிருந்தால் வேறு மாநில போலீஸ் உங்களுக்குக் கடிதம் அனுப்பும், சம்பளக் கணக்கையே முடக்கச் சொல்லி வங்கிக்கும் எழுதக்கூடும். அப்போது "நான் பிப்ரவரி 10-ஆம் தேதியே புகார் கொடுத்தேன்" என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

மெரினா நடை | 10 பிப்ரவரி, இரவு 10:25

இதையெல்லாம் படித்தால் கேஒய்சி கேட்கிற எந்த எக்ஸ்சேஞ்சும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச், இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் பி2பி. விவரமே கொடுக்காவிட்டால் கசிவதற்கு என்ன இருக்கிறது? அரசாங்கமே நம் விவரத்தைப் பத்திரமாக வைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பிரான்ஸில் பாரிஸ் பக்கத்தில் பொபினி என்ற ஊரில் வரி அலுவலக ஊழியரே கிரிப்டோ வைத்திருப்பவர்களின் விவரத்தைக் குற்றவாளிகளுக்கு எடுத்துக் கொடுத்ததாக வழக்கு. அதே நாட்டில் 2025 ஜனவரியில் கிரிப்டோ வாலட் கருவி விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பலானை வீட்டிலிருந்து கடத்தி விரலை வெட்டினார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, வீடு எங்கே என்ற பட்டியல் எங்கேயும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

சோழிங்கநல்லூர்க்காரன் | 10 பிப்ரவரி, இரவு 11:14

கடைசி வரியில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். லெட்ஜரிலேயே 2020-இல் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் வெளியே வந்தது. மறு வருடம் அதே முகவரிகளுக்குப் போலி லெட்ஜர் கருவி தபாலில் வந்தது. கேஒய்சி இல்லாமல் வெறும் பொருள் வாங்கியவர்களுக்கே இந்த நிலை.

ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் போனவர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். பி2பியில் வருகிற பணம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. என் நண்பன் ஒருவன் 18 ஆயிரத்துக்கு யூஎஸ்டிடி என்ற காயினை விற்றான், வந்த பணம் எங்கோ ஒரு மோசடியில் ஏமாந்தவருடையது. கணக்கு நான்கு மாதம் முடங்கி, வீட்டுக் கடன் தவணை திரும்பிப்போனது.

வைகை ஆடிட்டர் | 11 பிப்ரவரி, காலை 8:30

மெரினா சார், வரிப் பக்கம் அதைவிடக் கடினம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இருப்பதை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏவில் காட்டுவதுதான் பாதுகாப்பு. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் வரை போகும், 20 லட்சத்துக்குள் இருக்கும் அசையும் சொத்துக்கு மட்டும் 2024 அக்டோபரிலிருந்து விலக்கு. 2023 டிசம்பரில் ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது, அவற்றில் ஒன்றான பைனான்ஸ் பிறகு 18.82 கோடி அபராதம் விதிக்கப்பட்டு இங்கேயே பதிவுசெய்துகொண்டது. இந்த ஏப்ரல் 1-இலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பரிவர்த்தனைகளை நேரடியாகத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், 2027-இலிருந்து கார்ஃப் என்ற சர்வதேசக் கிரிப்டோ தகவல் ஏற்பாட்டில் நாடுகளுக்கு இடையே இந்த விவரம் பரிமாறப்படும். ஒளிந்துகொள்ள இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்த இடத்தை நம்பி இன்று முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் கோபத்தின் இன்னொரு பாதி சரியானது. விவரத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதைக் காப்பாற்றவும் வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். 250 கோடி வரை அபராதம் என்று காகிதத்தில் இருக்கிறது, இன்று கசிந்தவருக்கு அது உதவாது. அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. கவனக்குறைவால் நஷ்டம் வந்தது என்று காட்டினால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். யாரும் போடுவதில்லை. போட வேண்டும்.

நொய்யல்கரை | 15 பிப்ரவரி, இரவு 9:36

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

டின் எண்ணைத் தளத்தில் போட்டேன், அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. 26ஏஎஸ்ஸில் 4,050, 3,250 என்று இரண்டு வரி, மேடம் சொன்ன அதே 7,300. அதைப் பார்த்தபோது பயம் கூடும் என்று நினைத்தேன், ஆனால் குறைந்தது. இத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

1930-இல் புகார் எண் வாங்கினேன். எங்கள் ஊர் ஆடிட்டரிடம் போய் ஐடிஆர்-யூ போட்டு, சலான் கட்டி, ஆதார் ஓடிபியில் வெரிஃபை செய்தாயிற்று. 234சி சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. பாதி சேமிப்பு, பாதி மனைவியின் நகைச் சீட்டை முன்கூட்டி எடுத்தது. அதனால் அவளிடம் நவம்பர் 9 இரவைச் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதையா அந்த ஆள் வந்து சொல்வான் என்று பயந்தாய், நீயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போன் வந்தது. எடுத்து, ரிட்டர்ன் போட்டுவிட்டேன், அக்னாலெட்ஜ்மென்ட் எண் வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் அமைதி. பிறகு என் வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு வாசித்துவிட்டு வைத்துவிட்டான். அதையும் புகாரில் சேர்த்திருக்கிறேன். வரிக் கணக்கு முடிந்தது, முகவரி முடியவில்லை. வாசலில் கேமரா போட ஆள் நாளை வருகிறார்.

எக்ஸ்சேஞ்சுக்கு என் விவரத்தில் எதெல்லாம் போனது என்று பட்டியல் கேட்டு மூன்று மெயில் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பதில், உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று. 43ஏ மனு போடுவதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் மேடம்? வேறு யாருக்காவது இதே மெயில் வந்திருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போடலாம்.

தாமிரபரணி | 15 பிப்ரவரி, இரவு 10:03

ஏழு வரியையும் மறுத்தாயிற்று. ரிட்டர்னில் அந்த டிடிஎஸ் கேட்கப்படவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன். சஞ்சார் சாத்தியில் என் பெயரில் தெரியாத சிம் ஒன்று இருந்தது, மறுத்திருக்கிறேன். நிறுவனத்திடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே போடுகிறேன். மனுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.